பழைய கணிப்பொறியும் பழுதுற்ற டிரைவும்

மக்கள் தம் எண்ணங்களை எழுதிவைத்த பொருள்கள் பலவாம். கல்லும் செப்பேடும் பனையோலையும் காகிதமும் கண்ணாற் காணத்தக்க எழுத்தைத் தாங்கி நிற்பன. அவற்றின் ஒரு மூலை சிதைந்துபோயினும், எஞ்சிய பகுதியைக் கற்றோர் படித்துப் பொருளுணர்வர். காந்த வட்டில் எழுதப்பட்டதோ அத்தகையதன்று. வட்டு சிறிதும் பழுதின்றி இருப்பினும், அதனைச் சுழற்றிப் படிக்குங் கருவி பழுதுற்றவிடத்து, எழுதியவர்க்கே தம் எழுத்து எட்டாததாகின்றது. அக்கருவியை டிரைவ் என வழங்குகின்றோம். பழைய கணிப்பொறி ஒன்றின் டிரைவ் கெட்டுப்போனால் அதனைப் பழுதுபார்த்தல் தக்கதோ, அன்றிப் புதியது ஒன்றை அவ்விடத்தில் வைத்தல் தக்கதோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். பொதுப்படக் கூறின் தெளிவு பிறவாதாதலின், ஆங்கில நாட்டிற் பெருவழக்காய் இருந்த ஒரு பொறியை எடுத்துக்கொண்டு விளக்குவோம்.

பொறியின் வரலாறு

1985ஆம் ஆண்டில் ஆம்ஸ்டிராட் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் பி.சி.டபிள்யூ. 8256 என்னும் கணிப்பொறியை வெளியிட்டனர். அதன் விலை, வரி நீங்கலாக, 399 பவுன். அத்தொகைக்குத் திரையும், விசைப்பலகையும், அச்சிடும் பிரிண்டரும், லோகோஸ்கிரிப்ட் என்னும் எழுத்துப்பணி நிரலும் ஒருங்கே கிடைத்தன. அக்காலத்தில் அலுவலகங்களில் இருந்த கணிப்பொறிகள் இதனினும் பன்மடங்கு விலையுடையன. ஆகவே கணிப்பொறியைக் கண்டு அஞ்சியிருந்த எழுத்தாளரும், ஆசிரியரும், ஆராய்ச்சி மாணவரும், சிறு வாணிகரும் தட்டச்சுப் பொறியைக் கைவிட்டு இதனை வாங்கினர். நினைவகம் இரட்டிப்பாக்கப்பெற்ற 8512 என்பதும், 1987இல் 9512 என்பதும் இதன்பின் வந்தன. 1998ஆம் ஆண்டளவில் இவ்வரிசை நின்றுபோயிற்று.

இப்பொறியில் இரண்டு தனித்தன்மைகள் உள. அவ்விரண்டுமே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன.

முதலாவது, இப்பொறி தன்னகத்தே நிலையான அறிவு ஏதும் உடையதன்று. பிற பொறிகள் பலவற்றில், மின்சாரம் பாய்ந்தவுடன் செய்யவேண்டுவனவற்றைக் கூறும் கட்டளைகள் ஒரு சில்லில் நிலையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். இதிலோ பிரிண்டரை ஆளுஞ் சில்லினுள் சில நூறு பைட் அளவான ஒரு சிறு தொகுதி மட்டுமே உளது. 'டிரைவிலுள்ள வட்டைப் படி. அது கூறும்வண்ணம் செய்' என்பதற்கு மேல் அத்தொகுதி அறிந்தது யாதுமின்று. ஆகவே டிரைவ் கெட்டால் பொறி முழுவதும் செயலறும். திரை பச்சையாய் ஒளிரும், 'பீப்' என்னும் ஒலி எழும், அவ்வளவே. வேறு பொறிகளில் டிரைவ் ஒரு கை போல்வது. இதில் அஃது உயிர்நாடி என்னலாம்.

இரண்டாவது, இதில் வழங்கிய வட்டு உலகமெங்கும் வழங்கிய மூன்றரை அங்குல வட்டன்று. ஹிட்டாச்சி, மாட்சுஷிட்டா, மாக்ஸெல் என்னும் ஜப்பானியக் கம்பெனியார் உருவாக்கிய மூன்று அங்குல வட்டு அது. கெட்டியான பிளாஸ்டிக் உறையுட் கிடக்கும் அவ்வட்டு உறுதியுடையதே. ஆயினும் போட்டியில் மூன்றரை அங்குல வட்டே வென்றது. ஆம்ஸ்டிராட் பொறிகளையும் வேறு மிகச்சிலவற்றையும் விட்டால் மூன்று அங்குல வட்டைப் படிப்பார் இலர். இப்பொழுது புதிய வட்டுகளும் செய்யப்படுவதில்லை.

இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குங்கால், டிரைவுக்கு இரண்டு கடமைகள் உள்ளமை புலனாம். பொறியை உயிர்ப்பித்து இயங்கவைத்தல் ஒன்று. பழைய வட்டுகளிற் கிடக்கும் எழுத்துக்கு வாயிலாக இருத்தல் மற்றொன்று. புதியதாக மாற்றப்படும் கருவி முதற்கடமையைச் செவ்வனே ஆற்றும். இரண்டாங் கடமையை ஆற்ற வல்லது மூன்று அங்குல டிரைவ் ஒன்றே. இவ்வேறுபாட்டை உணராது 'பழையது கெட்டது. புதியதை வைப்போம்' என்று விரைவோர், பொறியைக் காத்து எழுத்தை இழப்பர். அச்சேறாத நாவல், முடியாத ஆராய்ச்சி, இறந்தோர் எழுதிய கடிதங்கள் ஆகியன அவ்வட்டுகளில் இருத்தல் கூடும். அவற்றுக்கு வேறு படி இல்லாதிருத்தலும் கூடும்.

டிரைவின் அமைப்பு

8256இன் டிரைவ் வட்டை நிமிடத்திற்கு 300 முறை சுழற்றுவது. அஃதாவது நொடிக்கு ஐந்து சுற்று. வட்டின் ஒரு பக்கத்தில் ஒன்றனுள் ஒன்றாய் 40 வளையங்கள் உள. ஒவ்வொரு வளையமும் 9 கூறுகளாகவும், ஒவ்வொரு கூறும் 512 பைட் கொள்வதாகவும் வகுக்கப்பட்டுள்ளது. பெருக்கிப் பார்ப்பின் 1,84,320 பைட் ஆகும். இதனையே 180 கிலோபைட் என்பர். இயக்கக் கட்டளைகளுக்கும் பெயர்ப்பட்டியலுக்கும் ஒதுக்கியது போக, எழுதுவோர்க்கு எஞ்சுவது ஏறத்தாழ 173 கிலோபைட். இந்த டிரைவில் ஹெட் எனப்படும் காந்த முனை ஒன்றே உளது. ஆதலின் வட்டின் மறுபக்கத்தைப் படிக்க வேண்டின், வட்டை வெளியே எடுத்துத் திருப்பிச் செருகல் வேண்டும்.

வட்டைச் சுழற்றும் மோட்டார் நேரே வட்டைத் தொடுவதில்லை. மோட்டாரின் சிறு கப்பியினின்று பெருஞ்சக்கரம் ஒன்றிற்கு மெல்லிய தட்டையான ரப்பர் பெல்ட் ஒன்று செல்கின்றது. அச்சக்கரமே வட்டைச் சுழற்றுகின்றது. தையற்பொறியின் மிதிசக்கரத்தையும் தோல்வாரையும் கண்டோர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

இனி, பழுதின் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த ரப்பர் பெல்ட்டே. ரப்பர் காலத்திற்கு அஞ்சுவது. பொறி உழைத்தாலும் உழையாது கிடந்தாலும் அது மெல்ல நைந்து தளரும். சில இறுகி வெடிக்கும். வேறு சில கரிய பசைபோல் உருகிக் கப்பியில் ஒட்டிக்கொள்ளும். நாற்பதாண்டு சென்ற பொறியில் முதலில் இட்ட பெல்ட்டே இருக்குமாயின், அது கெட்டிருத்தல் வியப்பன்று. ஆகவே டிரைவ் கெட்டது என்று கூறப்படும் பொறிகள் பலவற்றில் உண்மையிற் கெட்டது சிறு விலையுடைய ஒரு ரப்பர் வளையமே.

குற்றம் இன்னதெனத் தெளிதல்

பொறியைத் திறக்குமுன் செவியும் கண்ணும் கொண்டு அறியத்தக்கன பல. மோட்டார் ஓடும் ஒலி கேட்கின்றது, ஆயினும் பொறி எதனையும் படிக்கவில்லை எனின், பெல்ட் அறுந்தது அல்லது வழுக்குகின்றது எனக் கொள்ளலாம். சிலபோது படித்துச் சிலபோது பிழை காட்டுமாயின், தளர்ந்த பெல்ட்டால் வேகம் குன்றியிருத்தல் கூடும்; அன்றி ஹெட்டில் அழுக்குப் படிந்திருத்தல் கூடும். மோட்டாரின் ஒலியும் டிரைவின் விளக்கொளியும் இரண்டும் இல்லையாயின், மின்சாரம் வந்து சேருகின்றதா என்பதை முதலில் ஆராய்க. ஒரு வட்டை மட்டும் படியாது பிற வட்டுகளை நன்கு படிக்குமாயின், குற்றம் டிரைவின்கண் இல்லை, அவ்வட்டின்கண்ணே உளது.

வேகங் குன்றினால் படிக்க இயலாமை ஏன் எனின், காந்தக் குறிகள் இன்ன கால இடைவெளியில் ஹெட்டைக் கடந்து செல்லும் என்று எதிர்பார்த்தே கட்டுப்படுத்துஞ் சில்லு அவற்றை எண்ணுகின்றது. தாளம் தவறிய பாட்டை உடன்பாடுவோர் தொடர இயலாதவாறு போல, சில்லும் குறிகளைத் தவறவிடுகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. சோதனைக்கு அருமையான வட்டைச் செருகலாகாது. வேகம் பிறழ்ந்த நிலையில் டிரைவ் ஏதேனும் எழுத நேரின், அவ்வட்டில் இருந்தது கெட்டுப்போதல் கூடும். வட்டின் உறையில், எழுதவொட்டாது தடுக்கும் சிறு துளை பக்கத்துக்கு ஒன்றாக அமைந்துள்ளது. அதனைத் திறந்து வைத்தால் படிக்கலாமன்றி எழுத இயலாது. எவ்வட்டையும் செருகுமுன் இத்துளையைத் திறந்து வைத்தல் நன்று. மேலும், உறையின் மூடியை விலக்கி வட்டின் முகத்தை வெளிச்சத்தில் நோக்குக. வெண்மையான பூஞ்சணம் காணப்படின் அதனைச் செருகலாகாது. அப்பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல வட்டுகளையுங் கீறிக் கெடுக்கும்.

பழுதுபார்க்கும் முறை

இப்பொறியின் டிரைவும் மின்பலகையும் திரையுள்ள பெட்டிக்குள்ளேயே அமைந்துள்ளன. திரையோ பழைய கண்ணாடிக் குழாய் வகையினது. அதனுள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் உண்டாவதும், மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது சிறிது காலம் தங்கியிருப்பதும் இயல்பு. ஆதலின் இணைப்பைச் சுவரினின்று பிடுங்கிவிட்டு, நெடுநேரம் கழித்தே பின்மூடியைத் திறத்தல் வேண்டும். குழாயின் கழுத்தையும், அதன் மேற்புறத்தில் ரப்பர் மூடியிட்டுச் செல்லுந் தடித்த கம்பியையும் எக்காரணத்தாலும் தொடலாகாது. இதிற் பழக்கமில்லாதார், அறிந்தார் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே தொடங்குவாராக. எழுத்தினும் உயிர் பெரிது.

மூடியைக் கழற்றியபின், டிரைவுக்குச் செல்லும் மின்கம்பியும் பட்டைக் கம்பியும் எத்திசையில் செருகப்பட்டுள்ளன என்பதைப் படம் எடுத்தோ வரைந்தோ குறித்துக்கொள்க. பின்னர் அவற்றைக் கழற்றித் திருகாணிகளை நீக்கி டிரைவை வெளியே எடுக்கலாம். டிரைவின் ஒரு புறத்தை மூடி நிற்பது அதன் மின்பலகை. அதன் திருகாணிகளைத் திருப்புளியால் நீக்கி, கம்பிகள் அறாதவாறு மெல்லத் தூக்கினால், சக்கரமும் பெல்ட்டும் தோன்றும்.

பழைய பெல்ட் உருகி ஒட்டியிருப்பின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் கப்பியையும் சக்கரத்தின் விளிம்பையும் கறை சிறிதுமின்றித் துடைத்தல் வேண்டும். அக்கறை எஞ்சினால் புதிய பெல்ட் மேடுபள்ளத்தில் ஓடி வேகம் மாறும். பின்னர், அந்த டிரைவிற்கென அளவிட்டு விற்கப்படும் தட்டையான பெல்ட்டை மாட்டுக. வட்ட வடிவான சாதாரண ரப்பர் வளையம் தற்காலிகமாக ஓடுவதுபோல் தோன்றினும், வேகத்தை நிலையாகக் காவாது. பெல்ட் முறுக்கேறாமற் படிந்துள்ளதா என்பதைச் சக்கரத்தைக் கையால் சில சுற்றுச் சுழற்றி நோக்குக.

ஹெட்டையும் அதே ஆல்கஹாலால் மெல்லத் துடைக்கலாம். ஹெட்டிற்கு எதிரே வட்டை அழுத்தும் சிறு மெத்தை ஒன்றைத் தாங்கிய கை உளது. அதனை அளவுக்குமேல் உயர்த்தின் அதன் வில் தளர்ந்துவிடும். ஆதலின் பஞ்சு நுழையும் அளவே உயர்த்துக. எல்லாவற்றையும் முன்போற் பூட்டி, முதலில் இழந்தாலும் வருத்தந் தராத ஒரு வட்டைக் கொண்டு சோதிப்பது முறை.

மாற்றும் முறை

பெல்ட் புதிதாயினும் டிரைவ் உயிர்க்கவில்லை எனின், அல்லது வட்டுகள் கிடைத்தல் அரிதாதலின் வேறு வழி வேண்டுமெனின், மாற்றுக் கருவிகள் உள. மூன்றரை அங்குல டிரைவ் ஒன்று, யு.எஸ்.பி. நினைவுக்கோலில் வட்டுகளின் உருவங்களைச் சேமித்து, டிரைவ்போல் நடிக்கும் கோட்டெக் என்னும் சிறு கருவி மற்றொன்று. கோட்டெக்கிற் சுழலும் உறுப்பு யாதுமில்லை. தேய்வதற்கு ரப்பரும் இல்லை.

ஆயினும் இங்கே இரண்டு தடைகள் உள. முதலாவது மின்சாரத்தைப் பற்றியது. மூன்று அங்குல டிரைவிற்குச் செல்லும் மின்செருகியில் 5 வோல்ட் கம்பியும் 12 வோல்ட் கம்பியும், மூன்றரை அங்குல டிரைவில் உள்ள வரிசைக்கு நேர்மாறாக அமைந்துள்ளன. செருகியின் உருவமோ ஒன்றே. ஆதலின் யாதொரு தடையுமின்றிப் பொருந்திவிடும். பொருந்தியதெனக் கருதி மின்சாரத்தை விடுவாராயின், 5 வோல்ட் தாங்குமிடத்தில் 12 வோல்ட் பாய்ந்து புதிய கருவி அந்நொடியே எரிந்துபோம். ஆகவே அவ்விரு கம்பிகளையும் இடம் மாற்றிய இணைப்பு ஒன்று செய்துகொண்ட பின்னரே செருகுதல் வேண்டும். வோல்ட் அளக்குங் கருவியால் அளந்து உறுதிசெய்வோர் ஏமாறார்.

இரண்டாவது குறிப்புகளைப் பற்றியது. ஆம்ஸ்டிராட் பொறி, 'வட்டு ஆயத்தமாக உளது' என்னும் குறிப்பை டிரைவினின்று எதிர்பார்க்கும். பிற்காலத்துக் கணிப்பொறிகளுக்கென வந்த மூன்றரை அங்குல டிரைவுகள் அக்குறிப்பைத் தருவதில்லை. 'வட்டு மாற்றப்பட்டது' என்னும் வேறொரு குறிப்பையே அவ்விடத்தில் தருகின்றன. ஆதலின் பழைய முறைக்கு மாற்றியமைக்கத்தக்க டிரைவையே தேர்ந்துகொள்ளல் வேண்டும். கோட்டெக்கில் பிளாஷ்பிளாப்பி என்னும் நிரலை ஏற்றி அமைப்பின், இக்குறிப்பையும் தருமாறு செய்யலாம்.

இரண்டையும் இணைக்கும் வழி

8256இன் முகப்பில், இரண்டாம் டிரைவிற்கென ஓர் இடம் வெறுமையாக மூடி வைக்கப்பட்டுள்ளது. ஆகவே பழையதைப் பழுதுபார்த்து அதன் இடத்திலேயே நிறுத்தி, புதியதை இரண்டாம் இடத்தில் வைத்தல் இயலும். அப்பொழுது பழைய டிரைவ் ஒவ்வொரு வட்டாகப் படிக்க, புதியது அதனைப் பெற்றுக்கொள்ளும். சுவடிகளைப் பெயர்த்தெழுதினோர் மூல ஏட்டையும் புதிய ஏட்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துக்கொண்டு எழுதிய முறையே இது. புதிய ஏடு கிடைத்தது என்று மூல ஏட்டை முதலில் எறிந்தார் இலர்.

பொறியே இயங்காதவிடத்தும் நம்பிக்கை இழத்தல் வேண்டா. பழுதுநீக்கிய மூன்று அங்குல டிரைவைத் தனியே எடுத்து, கிரீஸ்வீசில் போன்ற இணைப்புக் கருவியின் வழியாக இக்காலக் கணிப்பொறியோடு பிணைக்கலாம். அக்கருவி எழுத்தையன்றி, வட்டிலுள்ள காந்த மாறுதல்களையே நேராகப் பதிவுசெய்கின்றது. பின்னர் நிரலின் உதவியால் அதனைப் பொருளாக மாற்றிக்கொள்ளலாம்.

படி எடுத்தபின்னும் ஒரு கடமை எஞ்சுகின்றது. லோகோஸ்கிரிப்ட் நிரல் தன் எழுத்தைத் தனக்கே உரிய முறையிற் சேமிக்கின்றது. இக்கால நிரல்கள் அதனை நேரே படியா. ஆயின் அந்நிரலிலேயே, எழுத்தை யாவரும் படிக்கத்தக்க ஆஸ்கி முறைக்கு மாற்றும் வழி உளது. சாய்வெழுத்து, தடிப்பெழுத்து போன்ற அழகுகள் அம்மாற்றத்தில் நீங்கும், சொற்கள் எஞ்சும். அழகோடு வேண்டுவோர், லோகோஸ்கிரிப்டினின்று மாற்றவென்றே எழுதப்பட்ட நிரல்களை நாடுவாராக. எவ்வாறாயினும், மாற்றாத மூலப் படியையும் ஒருங்கு காத்தல் இன்றியமையாதது.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால், பழுதுபார்த்தலும் மாற்றலும் தம்முள் மாறுபட்ட இரு நெறிகள் அல்ல என்பதும், ஒன்றன்பின் ஒன்றாய் வரவேண்டிய இரு படிகளே என்பதும் பெறப்பட்டன. முதலிற் பழையதைச் செப்பனிடுக. அதன் வாயிலாக எழுத்தனைத்தையும் படியெடுக்க. அதன்பின் புதியதை வேண்டியவாறு வைத்துக்கொள்க. இம்முறையைப் பிறழவைப்பின், பச்சைத் திரையில் மீண்டும் எழுத்துத் தோன்றும். நாம் தேடிய எழுத்து மட்டும் தோன்றாது. பெல்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கலாம். வட்டின் காந்தப் படலமோ ஆண்டுதோறும் மெலிந்துவருகின்றது. ஆதலின் வீட்டின் ஒரு மூலையில் இத்தகைய பொறியையும் வட்டுகளையும் வைத்திருப்போர், 'பின்னர்ப் பார்ப்போம்' என்று நாள் கடத்தாது, டிரைவ் ஓடும் நிலையில் இருக்கும் இப்பொழுதே படியெடுத்து வைப்பாராக.